பேனாவைக் கடித்தவன்

ஆங்கிலக் கவிஞர் ஃபிலிப் சிட்னியின் ‘ஆஸ்ட்ரோஃபிலும் ஸ்டெல்லாவும்’, சானெட் எனப்படும் பதினான்கு வரிக் கவிதைகள் 108-உம் 11 பாடல்களும் கொண்ட நூல். ஆங்கிலத்தில் காதலுக்கென்றே எழுதப்பட்ட முதல் பெரிய சானெட் தொடர் அதுதான். அவ்வளவு பெரிய நூல், எழுத வரவில்லையே என்று தவிக்கிற ஒருவனோடு ஆரம்பிக்கிறது. நெஞ்சு நிறையக் காதல் இருக்கிறது. வாயில் வார்த்தை இல்லை. அடுத்தவர் எழுதிய புத்தகங்களைப் புரட்டுகிறான். வெயிலில் காய்ந்துபோன மூளையில் அங்கிருந்தாவது நாலு தூறல் விழாதா என்று பார்க்கிறான். வந்த சொற்களும் நொண்டுகின்றன. பிரசவ வலியில் கிடப்பவளைப் போலத் துடிக்கிறான். பேனாவைக் கடிக்கிறான். ஆத்திரத்தில் தன்னையே அடித்துக்கொள்கிறான். கடைசி வரியில் கலைத்தேவி வந்து ஓர் அதட்டல் போட்டு, தேட வேண்டிய இடம் நெஞ்சுதான் என்று காட்டிவிட்டுப் போகிறாள்.

இந்தக் கடைசி வரியைத் தெரியாத ஆங்கில இலக்கிய மாணவர் இருக்க முடியாது. மற்றப் பதின்மூன்று வரிகளைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பதின்மூன்றின் மீதுதான் தீராத பிரியம்.

பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்த காலத்தில் இதை எங்களுக்கு நடத்திய பேராசிரியர், பொருள் சொல்வதற்கு முன்னாலேயே மேசையில் விரலால் தட்டத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசிப்பார்; அழுத்தம் விழும் இடத்தில் விரலும் விழும். “எண்ணிப் பாருங்கய்யா, வரிக்கு எத்தனை தட்டு விழுதுன்னு.” ஆங்கில சானெட் என்றால் வரிக்குப் பத்து அசை, ஐந்து அழுத்தம் என்று படித்திருந்தோம். எண்ணினால் ஆறு வந்தது. அசை பன்னிரண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “ஆறுதான், சரியாத்தான் எண்ணியிருக்கீங்க. நூத்தியெட்டுல ஆறே ஆறு கவிதைதான் இந்த நீளம். முதல் கவிதையே அதுல ஒண்ணு. வார்த்தை வரலைங்கிறவன், ஊர்ல எல்லாரும் எழுதுறதைவிட நீளமா எழுதுதான் பாருங்க.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. பிற்பாடு நானே வகுப்பெடுக்க நின்றபோதும் மேசையில் தட்டித்தான் ஆரம்பித்தேன்.

முதல் நான்கு வரிகளில் அவன் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. தன் வேதனையைக் கவிதையாகக் காட்டினால் காதலிக்கு அதில் ஒரு இன்பம் பிறக்கும். அந்த இன்பம் அவளைப் படிக்க வைக்கும். படித்தால் அறிவாள். அறிந்தால் இரங்குவாள். இரங்கினால் அருள்வாள். ஒரு படி முடிகிற இடத்தில் அடுத்த படி தொடங்குகிறது. நம் அந்தாதிக்குப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஐரோப்பியப் பள்ளிகளில் அணியிலக்கணம் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஏணிக் கட்டுக்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். மாணவர்கள் லத்தீனில் இதை எழுதி எழுதிப் பழகினார்கள். ஆக, வார்த்தை வரவில்லை என்று சொல்கிறவன் அதைச் சொல்வதற்கே பள்ளிக்கூடத்தில் கற்ற ஒரு அணியை அப்பழுக்கில்லாமல் ஆள்கிறான். நாலாவது வரியிலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பல வருடம் இந்தக் கவிதையோடு புழங்கிய பிறகுதான் துலங்கிற்று.

சிட்னி அதைக் கற்ற பள்ளிக்கூடம் ஷ்ரூஸ்பெரியில் இருந்தது. 1564-இல் அவர் அங்கே சேர்ந்த அதே நாளில் ஃபுல்க் கிரெவில் என்ற பையனும் சேர்ந்தான். இருவருக்கும் ஒரே வயது. அன்றைக்குப் பிடித்த தோள் கடைசிவரை விடவில்லை. கிரெவில் வளர்ந்து பெரிய பதவிகளில் இருந்தவர்; அவரும் கவிஞர். வாரிக்கில் புனித மேரி தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் பொறிக்கச் சொல்லி அவர் விட்டுப்போன வாசகத்தில், எலிசபெத் ராணிக்கு ஊழியம் செய்ததும் ஜேம்ஸ் மன்னருக்கு ஆலோசகராக இருந்ததும் வருகின்றன. மூன்றாவதாக, சிட்னியின் நண்பர் என்பது வருகிறது. சிட்னி இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர் அவர். நட்பைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது.

மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது பென்ஷர்ஸ்ட்டுக்குப் போனேன். கென்ட் மாகாணத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் மாளிகை அது. 1552-இல் ஆறாம் எட்வர்ட் மன்னர் சிட்னியின் தாத்தாவுக்குக் கொடுத்தது. 1554 நவம்பர் 30-இல் சிட்னி பிறந்தது அங்கேதான். இன்றும் அந்தக் குடும்பத்தினர் அங்கே வசிக்கிறார்கள். 1341-இல் கட்டிய பெரிய கூடம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் செஸ்ட்நட் மரக் கூரை, தரை நடுவில் நெருப்பு மூட்டும் மேடை. சிட்னியின் சவ ஊர்வலத்தில் கொண்டுபோன தலைக்கவசத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். உச்சியில் ஒரு முள்ளம்பன்றி. அதுதான் குடும்பச் சின்னம். அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். சிட்னி என்றதும் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது இந்தக் கவசத்துக்குரிய போர்வீரர். பேனாவைக் கடித்தவர் அவருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார்.

அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாமல் போன விஷயங்கள் நிறைய இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1562-இல் எலிசபெத் ராணிக்கு அம்மை கண்டது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் சிட்னியின் தாய் மேரி. ராணி பிழைத்துக்கொண்டார், முகத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மை தாய்க்குத் தொற்றி முகத்தைச் சிதைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் நாலுபேர் முன்னால் வருவதையே குறைத்துக்கொண்டார். சிட்னிக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. அரசர்களுக்குச் செய்கிற சேவை என்ன கேட்கும், என்ன திருப்பித் தரும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பதினேழு வயதில் பாரிஸில் இருந்தார். 1572 ஆகஸ்ட் 24, புனித பார்த்தலோமியோ நாள். தெருத் தெருவாகப் புராட்டஸ்டண்டுகளை வெட்டிச் சாய்த்த நாள். சிட்னி ஆங்கிலத் தூதர் வால்சிங்கத்தின் வீட்டில் அடைக்கலமாக இருந்து தப்பினார். அதன் பிறகு ஜெர்மனி, வியன்னா, இத்தாலி என்று சுற்றினார். ஹியூபர்ட் லாங்கே என்ற முதிய அறிஞர் நண்பரானார். அவரும் அந்தப் படுகொலையில் உயிர் தப்பியவர். இருவரும் லத்தீனில் எழுதிக்கொண்ட கடிதங்கள் கிடைக்கின்றன. லாங்கே கேட்டுக்கொண்டதற்காக வெனிஸில் வெரோனேசே என்ற பெரிய ஓவியரிடம் சிட்னி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டு அனுப்பினார். அந்தப் படம் தொலைந்துபோயிற்று. சிட்னியின் காதல் கவிதைகளில் பாரிஸின் அந்த இரவு எங்கும் தலைகாட்டுவதில்லை. பெரிய துயரங்களுக்கு அவர் பேனா திறக்கவில்லை; ஒரு பெண் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்குத் திறந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எது எதற்குத் திறக்கும் என்பது எழுதுகிறவன் கையில் இல்லை.

அந்தப் பெண் பெனலபி டெவெரூ. எசெக்ஸ் பிரபுவின் மகள். 1576-இல் டப்ளினில் அந்தப் பிரபு மரணப்படுக்கையில் கிடந்தபோது, தன் மகளை சிட்னிக்குக் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். பெனலபிக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. 1581-இல் அவளை ராபர்ட் ரிச் என்ற செல்வந்தப் பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். இதெல்லாம் நடந்த பிற்பாடுதான் சிட்னி எழுதுகிறார். ‘ஸ்டெல்லா’ என்றால் விண்மீன், ‘ஆஸ்ட்ரோஃபில்’ என்றால் அதைக் காதலிப்பவன். அந்தப் பெயருக்குள் சிட்னியின் பெயரில் பாதியும் ஒளிந்திருக்கிறது. அவள் கணவனின் பெயரை வைத்துச் சில சானெட்டுகளில் கடுமையாகவே விளையாடியிருக்கிறார்.

அதே 1581-இல் இன்னொரு அடி. சிட்னியின் தாய்மாமன் லெஸ்டர் பிரபுவுக்கு வாரிசு இல்லாததால், அந்தச் சொத்தும் செல்வாக்கும் சிட்னிக்கு வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மாமாவுக்கு மகன் பிறந்தான். பெற்றவள் லெட்டிஸ். மாமா ரகசியமாக மணந்துகொண்ட விதவை. பெனலபியின் சொந்தத் தாய். அந்தச் செய்திக்குப் பிறகு நடந்த குதிரையேற்றப் போட்டியில் சிட்னி தன் கேடயத்தில் ஒரு லத்தீன் சொல்லை எழுதிக்கொண்டு வந்தார் என்று கேம்டன் என்ற வரலாற்றாசிரியர் பதிந்திருக்கிறார். நம்பியிருந்தேன் என்று பொருள்படும் சொல். அதன் மேலேயே குறுக்காக ஒரு கோடும் போட்டிருந்தார். எழுதி அடித்த அந்த ஒற்றைச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முதல் சானெட்தான் ஞாபகம் வருகிறது. சொல்லியும் சொல்லாமலும் இருப்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு தேர்ச்சி.

பேனாவைக் கடித்ததற்கு வருவோம். வார்த்தை வராததற்குக் கவிதைக்குள் ஒரு காரணம் இருக்கிறது: அவன் தேடுகிற இடமெல்லாம் ஏற்கெனவே யாரோ நடந்த தடங்கள். இத்தாலியில் பெட்ரார்க், 1327 ஏப்ரல் 6-ஆம் தேதி அவிஞ்ஞோனில் புனித கிளாரா ஆலயத்தில் லாராவைக் கண்டதாக எழுதிவைத்தார். அவருடைய கவிதைத் தொகுப்பில் 366 கவிதைகள். பனிபோல் குளிர்ந்து தீயாய் எரிவது, புயலில் படகு, கண்ணிலிருந்து பாயும் அம்பு எல்லாம் அவர் கையில் உயிரோடு இருந்தன. பிறகு இரண்டரை நூற்றாண்டு ஐரோப்பா முழுக்க அவற்றையே வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டது. வயட்டும் சர்ரே பிரபுவும் சானெட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1557-இல் டாட்டல் என்ற பதிப்பாளர் அவற்றை அச்சிட்டார். 1580-களில் காதலைச் சொல்ல உட்காருகிற ஒருவனுக்கு எல்லாச் சொல்லும் தயாராக இருந்தது. அதுதான் சிக்கல்.

எங்கள் விடுதியில் பக்கத்து அறை நண்பன் ஒருவன். பி.எஸ்சி. கணிதம். ஒருநாள் ராத்திரி வந்து, “ஏல, நீதான இங்கிலீஷ் இலக்கியம் படிக்க, ஒரு லெட்டர் எழுதிக் குடுல” என்றான். அவன் ஏற்கெனவே எழுதிப் பார்த்ததைக் காட்டினான். நாலு பக்கம். நிலவு, தென்றல், தேன். எல்லாம் சினிமாப் பாட்டிலிருந்து வந்தவை; எந்த வரி எந்தப் படம் என்று விடுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். “இதுல அந்தப் பிள்ளை எங்கல இருக்கு?” என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பற்றி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். காலையில் ஜங்ஷன் பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை மடித்து வாட்ச் பட்டைக்குள் சொருகிக்கொள்வாளாம். இறங்கும்போது அதை எடுத்து, கீழே போடாமல் பைக்குள் வைத்துக்கொள்வாளாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் மாறிவிட்டது. நாலு பக்கத்தில் இல்லாதது அந்த ஒரு டிக்கெட்டில் இருந்தது. அதை எழுதச் சொன்னேன். “சீ, இதையெல்லாமா எழுதுவாங்க?” என்றான். அந்தக் கடிதம் கடைசிவரை எழுதப்படவில்லை. அந்த டிக்கெட் மட்டும் இத்தனை காலம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை.

சிட்னியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கிறார், கவிதைக்காக வாதாடி அதே காலத்தில் எழுதிய உரைநடை நூலில். அவர் இறந்த பிறகு 1595-இல் அச்சான நூல் அது. ஆங்கிலக் காதல் கவிஞர்களை அங்கே ஒரு பிடி பிடிக்கிறார். தானே ஒரு காதலியாக இருந்தால் இவர்களுடைய கவிதைகளைப் படித்து இவர்கள் காதலிக்கிறார்கள் என்று நம்பவே மாட்டேன் என்கிறார். நெருப்பு மாதிரியான சொற்களைக் குளிர்ந்துபோய்க் கையாள்கிறார்கள். காதலை அனுபவித்தவர்களாகத் தெரியவில்லை, மற்றக் காதலர்கள் எழுதியதைப் படித்தவர்களாகத்தான் தெரிகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

இதை வைத்துக்கொண்டு, படிப்பெல்லாம் வேண்டாம், நெஞ்சில் பட்டதை அப்படியே கொட்டினால் கவிதை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வகுப்புகளில், எழுத்துப் பட்டறைகளில், இந்தச் சானெட்டின் கடைசி வரியை எடுத்துக்கொண்டு அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இந்தக் கவிதையின் ஒவ்வொரு வரியும் படித்தவன் எழுதிய வரி. படிப்பை ஒரு மாற்றாந்தாயாக உருவகிக்கிறார். அவள் அடிக்குப் பயந்து ஓடுகிற பிள்ளையாகக் கற்பனையை உருவகிக்கிறார். பேனாவைப் பள்ளிக்கு மட்டம் போட்ட பையனாக்குகிறார். பிள்ளை, தாய், பிரசவம், பள்ளிக்கூடம், அடி என்று பதினான்கு வரிக்குள் ஒரு வீடே நடக்கிறது. பிறர் கவிதைகளின் அடிகள் குறுக்கே வருவதாகச் சொல்லும்போது, பாதம், செய்யுளடி இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். இதெல்லாம் நெஞ்சைத் திறந்ததும் தானாக வந்து விழுகிற சமாச்சாரமா?

பிறருடைய சொல் என்றாலே பொய் என்றும் நான் நினைக்கவில்லை. அப்பா பம்பாயில் வேலை பார்த்தார். மாதம் தவறாமல் இன்லண்ட் லெட்டர் வரும். “இவ்விடம் நான் நலம். அவ்விடம் அனைவரின் நலமறிய ஆவல்” என்று தொடங்கும். ஊரில் எல்லோர் வீட்டுக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும். அப்பா சொந்தமாக யோசித்து எழுதிய வாக்கியம் இல்லை அது. ஒருமுறை அந்த வரி இல்லாமல் கடிதம் வந்தது. நேரே பணம் அனுப்பிய விவரத்தில் ஆரம்பித்திருந்தார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “உங்க அப்பாவுக்கு உடம்புக்கு என்னமோ” என்றாள். டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. பொய் சொல்ல மனம் வராமல் “நான் நலம்” என்பதை விட்டிருக்கிறார். எத்தனையோ பேர் எழுதிப் பழசான வரிக்குள்தான் அவர்கள் இருவரும் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நெஞ்சுக்குள் பார்க்கச் சொல்கிறாளே தேவி, அங்கே என்ன இருக்கிறது? நாம் நினைக்கிற மாதிரி அவனுடைய சொந்த உணர்ச்சிக் குவியல் என்று மட்டும் அந்தக் காலத்து வாசகர் எடுத்துக்கொள்ள மாட்டார். காதலனின் நெஞ்சில் காதலியின் உருவம் பதிந்திருக்கும் என்பது அன்றைய கவிதை மரபு. நெஞ்சைப் பார் என்றால் அவளைப் பார் என்று அர்த்தம். என் நண்பன் கட்டிலில் உட்கார்ந்து செய்தது அதுதான். தன்னைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, அவள் டிக்கெட்டைச் சொருகுகிற விரலைப் பார்த்தான்.

முதல் கவிதையில் போட்ட கணக்கு பலித்ததா? நூலை முழுக்கப் படிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். 45-ஆம் சானெட்டில் ஸ்டெல்லா அவன் முகத்தில் எழுதியிருக்கும் துன்பத்தைப் பார்க்கிறாள், இரங்கவில்லை. அதே ஸ்டெல்லா யாரோ காதலர்களைப் பற்றிய ஒரு கட்டுக்கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணீர் விடுகிறாள். சரி, என்னையும் ஒரு கதை என்று நினைத்துக்கொள், கதைக்காவது இரங்கு என்று அவன் கெஞ்சுகிறான். இதைவிட வேதனையான ஒரு தோல்வியை எழுத்தாளன் ஒருவனுக்கு என்னால் யோசிக்க முடியவில்லை. 50-இல் முதல் கவிதையின் பிரசவம் திரும்ப வருகிறது. நெஞ்சில் பெருகியதை அடக்க முடியாமல் சொற்களாகப் பெற்றெடுக்கிறான். பெற்றதைப் பார்த்தால் அவளுக்கு ஈடாகவில்லை. எழுதியதை அடித்துவிடப் பேனாவை ஓங்குகிறான். கவிதையின் தலைமாட்டில் ஸ்டெல்லா என்ற பெயர் நிற்கிறது. அதற்காகவே அடிக்காமல் விட்டுவிடுகிறான். புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: அந்தக் கவிதை உண்மையாகவே அவள் பெயரில்தான் தொடங்குகிறது.

எட்டாம் பாடலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மே மாதம், ஒரு தோப்பு. இருவரும் சந்திக்கிறார்கள். வெகுநேரம் யாரும் பேசவில்லை, கண்கள் பேசிக்கொள்கின்றன. அப்புறம் அவன் மன்றாடுகிறான். அவள் அவன் கைகளை விலக்குகிறாள். காதல் இல்லாமல் மறுக்கவில்லை, மானம் தடுக்கிறது, மறுப்பது தனக்கும் வலிக்கிறது என்கிறாள். போய்விடுகிறாள். இந்தப் பாட்டு தொடக்கம் முதல் ‘அவன்’, ‘அவள்’ என்று யாரோ மூன்றாமவர் பார்த்துச் சொல்வது போலவே போகும். கடைசி வரியில் பாட்டு முறிந்துவிடுகிறது. அங்கே ‘என்’ என்ற சொல் வந்துவிடுகிறது. அத்தனை வரி முகமூடி போட்டுக்கொண்டு நின்றவன் ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டான். அதைத் தவறி விழுந்த சொல் என்று யாராவது நினைத்தால், அவர்கள் சிட்னியை இன்னும் படிக்கவில்லை. அந்த ஒரு சொல்லை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள ஷ்ரூஸ்பெரியும் ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பும் பெட்ரார்க்கும் எல்லாம் வேண்டியிருந்தன.

108-ஆம் சானெட்டிலும் அவன் கை வெறுங்கைதான். அருள் என்ற கடைசிப் படிக்கு அவன் ஏறவே இல்லை.

வாழ்க்கையில் சிட்னி 1583-இல் வால்சிங்கத்தின் மகள் ஃபிரான்சஸை மணந்தார். ஒரு பெண் குழந்தை. ‘ஆர்கேடியா’ என்ற பெரிய உரைநடைக் காதல் காவியத்தை ஒருமுறை எழுதி முடித்தவர், அதை மறுபடி முதலிலிருந்து விரித்து எழுத ஆரம்பித்தார். திருப்திப்படாத மனம். அந்தத் திருத்தம் மூன்றாம் பாகத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோயிருக்கிறது. அடுத்து என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஸ்பெயினுக்கு எதிரான போருக்காக நெதர்லாந்து போனார். 1586 செப்டம்பர் 22, ஸுட்ஃபன் ஊருக்கு வெளியே நடந்த சண்டையில் தொடையில் குண்டு பாய்ந்தது. தாகத்தில் கேட்டு வாங்கிய தண்ணீரை, தன்னைவிட மோசமாகக் கிடந்த சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டார் என்ற கதையைச் சொன்னவர் கிரெவில். காயம் அழுகி, அக்டோபர் 17-இல் ஆர்ன்ஹெமில் உயிர் பிரிந்தது. வயது 31. ‘ஆர்கேடியா’வை எரித்துவிடச் சொன்னார் என்றும் கிரெவில் எழுதியிருக்கிறார். மறு வருடம் பிப்ரவரி 16-இல் லண்டன் புனித பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறை 1666 பெருந்தீயில் போய்விட்டது.

உயிரோடு இருந்தவரை அவருடைய கவிதைகள் கையெழுத்துப் படிகளாகத்தான் நண்பர்களிடையே சுற்றின. 1591-இல் தாமஸ் நியூமன் என்பவர் குடும்பத்தாரைக் கேட்காமலேயே ‘ஆஸ்ட்ரோஃபிலும் ஸ்டெல்லாவும்’ நூலை அச்சிட்டார். பிழைகள் மலிந்த பதிப்பு. அது திரும்பப் பெறப்பட்டது. ரிச் என்ற பெயரை வெளிப்படையாகக் குத்துகிற 37-ஆம் சானெட் அதில் இல்லை. இன்று நாம் படிக்கும் பாடத்துக்கு அடிப்படை 1598-இல் வந்த பதிப்பு. அது சிட்னியின் தங்கை மேரியின் கையிலிருந்த படியிலிருந்து வந்தது.

இந்த மேரியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பெம்புரோக் சீமாட்டி அவர்; வில்ட்டனில் அவர் வீட்டில் இருந்தபோதுதான் அண்ணன் ‘ஆர்கேடியா’வை எழுதினார். அண்ணன் சங்கீதப் புத்தகத்தை ஆங்கிலச் செய்யுளாக்கத் தொடங்கி 43 சங்கீதங்களோடு இறந்துபோனார். மீதி 107 சங்கீதங்களையும் தங்கை எழுதி முடித்தார். ஒரே யாப்பைப் பெரும்பாலும் திரும்ப எடுக்காமல், ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் புதுப்புது வடிவம் தேடித் தேடி எழுதியிருக்கிறார். அண்ணனை இழந்த துக்கத்தை அவர் தனியாகவும் பாடினார். ஆனால் என் கண்ணுக்கு அந்த 107-தான் உண்மையான இரங்கற்பா. வார்த்தை வராத துக்கத்தை, கையில் இருந்த பழைய வேதச் சொற்களுக்குள் வருடக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். நெஞ்சைப் பார்த்து எழுதியவர் என்று எனக்கு யாரையாவது காட்டச் சொன்னால், அண்ணனுக்கு முன்னால் தங்கையைக் காட்டுவேன்.

பெனலபியின் கதை வேறு பக்கம் போயிற்று. ரிச்சோடு ஒட்டவில்லை. சார்லஸ் பிளவுன்ட் என்ற பிரபுவை நேசித்து, 1605-இல் மணவிலக்குப் பெற்று அவரை மணந்தாள். மறு வருடம் அவர் இறந்தார். 1607-இல் அவளும் போய்விட்டாள். அந்தக் கவிதைகளை அவள் படித்தபோது என்ன நினைத்தாள் என்பதற்கு அவள் கையால் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. பேனாவைக் கடித்தவனின் தவிப்பு பதினான்கு வரியாக இருக்கிறது. எதிரில் இருந்தவளின் மௌனம் அப்படியே இருக்கிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

முதல் சானெட்டைப் படித்து முடித்தவுடன் பலரும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் இருப்பதுதான் அதற்கு உரை. இரண்டாவது சானெட்டில் ஆஸ்ட்ரோஃபில் தன் காதல் கண்டதும் வந்த காதல் இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். பார்த்தான், பிடித்தது. பிடித்தது, ஆனால் காதலிக்கவில்லை. பிறகு காதலித்தான், அப்போதும் உடனே அடிபணியவில்லை. காலம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிகொடுத்தான். பெட்ரார்க்கின் ஆலயக் காட்சிக்கு நேர் எதிரான வாக்குமூலம் இது. காதலே இப்படிப் படிப்படியாக வந்தது என்கிறவன், அதைச் சொல்லும் சொல் மட்டும் நெஞ்சைத் திறந்த மாத்திரத்தில் வந்து குதிக்கும் என்று எப்படிச் சொல்லியிருப்பான்?

இந்தக் கவிதையைப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரியை மட்டும் பலகையில் எழுதிப்போட்டு மாணவர்களை அனுப்பிவிடாதீர்கள். முதல் சானெட்டையும் இரண்டாவதையும் சேர்த்து நடத்துங்கள். இரண்டும் சேர்ந்து 28 வரி. ஒரு மணி நேர வகுப்புக்குள் முடியும்.